வினாடி

லொரேன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்,
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் மோவாயைத் தொட.
மடியில் அட்டை, அட்டையில் தாள்,
கழுத்தில் நீச்சல் பயிற்சியாளர்கள் தொங்கவிடும் கடிகாரம்.
"நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்" என்றாள்.
முதல்வர் அனுப்பவில்லை அவளை. நானே கூப்பிட்டது.
வெளியே ரெஜைனா, மைனஸ் முப்பத்தொன்று.
வாகன நிறுத்தத்தில் கார்கள்
மூக்கில் மின்கம்பி செருகிக்கொண்டு
ஆஸ்பத்திரி வார்டு போலக் கிடந்தன.

நாற்பது நிமிடம் நடத்தினேன்.
நன்றாக நடத்தினேன் என்றுதான் நினைத்தேன்.
தொண்டை வறண்டிருந்தது;
தொண்டை வறண்டால் பாடம் நடந்துவிட்டது என்பது
என் பதினாறு வருடக் கணக்கு.

மதியம் ஊழியர் அறையில்
மைக்ரோவேவில் யாருடைய மீனோ சுற்ற,
தாளை என் பக்கம் திருப்பினாள்.
கேள்விகள்: அறுபத்தெட்டு.
நானே பதில் சொன்னவை: நாற்பத்தொன்று.
கேட்டதற்கும் பொறுமை இழந்ததற்கும் இடையே
சராசரி முக்கால் வினாடி.
"'ஓகே?' என்று இருபத்திரண்டு முறை கேட்டாய்.
அது கேள்வியா என்று தெரியவில்லை,
தனியாகப் போட்டிருக்கிறேன்."
வகுப்பறைப் படத்தில்
என் கேள்வி போன இடமெல்லாம் அம்புக்குறி.
முன்வரிசை ஒரு முள்ளம்பன்றி.
ஹீட்டர் மூலையில் மெரோனின் மேசை மட்டும்
பனி பெய்த கோதுமை வயலாக,
ஒரு காலடித் தடமும் இல்லாமல்.

கோபம் வந்தது, பொய் சொல்வானேன்.
எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாம் எடைபோட வந்துவிடுகிறார்கள் என்று
காருக்குள் தமிழில் முணுமுணுத்தேன்.
இரவு பாத்திரம் கழுவும்போதுதான்
விருதுநகரில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட இலக்கணம்
குழாய்த் தண்ணீரோடு வந்தது:
விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா.
தெரியாமல் கேட்பது அறியாவினா.
மிச்சம் நாலு மறந்துவிட்டது.
அறுபத்தெட்டில் அறியாவினா எத்தனை?
ஒன்று.
"மணி என்ன ஆச்சு?"

அடுத்த வியாழன் லொரேன் மறுபடி வந்தாள்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன்:
வஸ்கானா ஏரியில் பனிக்கட்டி ஏன் மேலேயே நிற்கிறது,
ஏன் அடிக்குப் போகவில்லை?
கேட்டேன். வாயை மூடினேன்.

ஒன்று.
இரண்டில் பிரெய்டனின் கை ஏறியது;
கண்ணாலேயே இறக்கினேன்.
மூன்றில் ஹீட்டர் இருமியது.
நாலு. யாரோ பூட்ஸைத் தரையில் தேய்த்தார்கள்.
ஐந்தில் என் நாக்கு பல்லை முட்டித் தள்ளியது,
சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று.
வினாடி என்ற சொல்லுக்குள்ளேயே
ஒரு வினா உட்கார்ந்திருப்பதை
நாற்பத்திரண்டு வயதில்
ஆறாவது வினாடியில் பார்த்தேன்.

ஏழோ எட்டோ.
மூலையிலிருந்து, கை தூக்காமல்,
"மிஸ், அடியில் இருக்கிற மீனுக்கு
இது குளிர்காலம் என்று தெரியுமா?"

அது பதில் இல்லை.
நான் கேட்டதற்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான்.
எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னேன்.
வகுப்பு திரும்பி மெரோனைப் பார்த்தது,
பிறகு என்னை,
பிறகு இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
அடர்த்தி அன்றைக்கு முடியவில்லை.
வெள்ளிக்கிழமையும் முடியவில்லை.

மணி அடித்தபின் தாளைக் கேட்டேன்.
கொடுக்கத் தயங்கினாள் லொரேன்.
ஆசிரியர் கேள்விக்குக் கட்டம் உண்டு அதில்,
மாணவர் பதிலுக்கு உண்டு,
காத்திருந்த நேரத்துக்கும் உண்டு.
மாணவர் கேட்டால் எங்கே குறிப்பது என்று
அச்சடித்தவர்கள் யோசிக்கவில்லை.
ஓரத்தில், அளவுகோல் இல்லாமல், கோணலாக,
ஒரு கட்டம் வரைந்திருந்தாள்.
உள்ளே ஒரே ஒரு கோடு.

"திங்கட்கிழமை என் வகுப்புக்கு வருகிறாயா?"
கழுத்துக் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள்.
நிறுத்த மறந்திருந்தாள்,
அது ஓடிக்கொண்டிருந்தது.